ஹிட்டே இல்லாதவர்களின் ஹிட் பாடல்கள்

எங்கள் குழுவின் ஹிட் பாடல்கள் எல்லாம் ஒரே தொகுப்பாக வரப்போகின்றன என்று வார்டில் சொன்னேன். ஊசியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்த மூத்த சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "உங்களுக்கு ஹிட்டு வேற இருக்குதா?" என்றார். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது, ஏனென்றால் அதே கேள்வியைத்தான் நாங்கள் மூவரும் மாதக்கணக்காக எங்களுக்குள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மூன்றே பேர்தான் குழு. நான் பாடுகிறேன், பிழைப்புக்கு வேலூரில் நர்ஸ் வேலை. கிட்டார் வாசிப்பவன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிறான். டிரம்ஸ் வாசிப்பவன் தோல் தொழிற்சாலையில் செலக்‌ஷனில் இருக்கிறான். அதாவது பதனிட்டு வரும் தோலை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, கீறலையும் உண்ணி கடித்த தழும்பையும் கண்டுபிடித்து, முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பிரிக்கிற வேலை. மூவரும் ஆம்பூரில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தோம். பள்ளி முடிந்ததும் நான் நர்சிங் போனேன், கிட்டார்காரன் பி.காம் சேர்ந்தான், டிரம்ஸ்காரன் தனக்கு ஒரு ஆபீஸில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லிப் போனான். அங்கிருந்து செலக்‌ஷனுக்கு வந்தது சில வருஷம் கழித்துத்தான். குழு மட்டும் கலையவில்லை. தோல் கம்பெனிகளுக்கு லீவு வெள்ளிக்கிழமை. அதனால் நான் என் வார்டில் யார் யார் காலையோ பிடித்து வெள்ளிக்கிழமை ஆஃப் வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். கிட்டார்காரன் ஜும்மா தொழுகை முடித்து, சாப்பிட்டு, கண்கள் பாதி மூடிய நிலையில் வருவான். அந்த அரைத்தூக்கத்தில்தான் எங்கள் பாடல்கள் பிறந்தன. கேட்டால் தெரியும்.

பாடல்கள் என்றால் பெரிதாக ஒன்றும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பாலாற்று மணலில் கிரிக்கெட் ஆடி பந்தைத் தொலைத்தவன் பாட்டு. காட்பாடி ஜங்ஷனில் தவறான ரயிலில் ஏறி, இறங்க மனமில்லாமல் பெங்களூர் வரை போனவள் பாட்டு. ஆற்காட்டு மக்கன் பேடாவைக் காதலிக்கு வாங்கி, பஸ்ஸிலேயே தானே தின்று தீர்த்தவன் பாட்டு. இவற்றை எங்கள் வீடுகளில் இருப்பவர்களும், கிட்டார்காரனின் கம்பெனி ஆட்களும், கல்லூரி ஹாஸ்டல் பையன்கள் சிலரும் கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் ஒரே ஒரு பாட்டு மட்டும் நிஜமாகவே ஹிட். அது வேலூர் வெயிலைத் திட்டுகிற பாட்டு. ஆட்டோக்களில் ஓடியது, கல்யாண மண்டபங்களில் கேட்டார்கள், ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளிந்த ஒருவர் அதை என் எதிரிலேயே முணுமுணுத்தார். நான் யார் என்று அவரிடம் சொல்லத் துடித்தேன். பி.பி. ஏறிவிடப் போகிறதே என்று விட்டுவிட்டேன்.

வினை என்னவென்றால், அந்த ஒரு பாட்டில்தான் எங்கள் டிரம்ஸ்காரன் இல்லை.

அப்போது நாங்கள் ஆரம்பக் கட்டத்தில் இருந்தோம். கிட்டார்காரனுடைய மாமாவின் காலி குடோனில் ஒரு மைக்கும் ஒரு லேப்டாப்பும் வைத்துப் பதிவு செய்ய ஏற்பாடு. வெள்ளிக்கிழமை, ஊரே அமைதி. டிரம்ஸ்காரன் மட்டும் வரவில்லை. ஆபீஸில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டான். ஆம்பூரில் எந்த ஆபீஸ் வெள்ளிக்கிழமை திறந்திருக்கிறது என்று கிட்டார்காரன் வாய்க்கு வந்தபடி திட்டினான், நானும் சேர்ந்துகொண்டேன். சரி, குரலையும் கிட்டாரையும் மட்டும் முதலில் எடுப்போம் என்று உட்கார்ந்தால், சுவருக்கு அந்தப்பக்கத் தோல் தொழிற்சாலையிலிருந்து ஒரு சத்தம். தோலையும் மருந்துத் தண்ணீரையும் போட்டுச் சுழற்றுவார்களே, ஆள் உயரத்தைவிடப் பெரிய மரப் பீப்பாய், அதுதான். வேலை பாதியில் இருந்தால் லீவு நாளிலும் அதை நிறுத்த முடியாது. உள்ளே தோல் மேலே ஏறி, கீழே விழுந்து, தொம். மறுபடி ஏறி, தொம். முதலில் தலையில் அடித்துக்கொண்டோம். பிறகு கிட்டார்காரனின் கால் தானாக அதற்குத் தாளம் போட ஆரம்பித்தது. நான் பாடிவிட்டேன். ஒரே மூச்சில் பாடிய பாட்டு அது. என் ஆயுளில் அவ்வளவு நன்றாக நான் திட்டியதே இல்லை.

அதற்குப் பிறகு மேடையில் அந்தப் பாட்டை டிரம்ஸ்காரன்தான் வாசித்தான், நன்றாகத்தான் வாசித்தான். ஆனால் ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் யாராவது வந்து அவன் தோளில் கை போட்டு, "சூப்பர் பிரதர், ஆனா அந்த தொம் வர்லியே" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டே தலையாட்டுவான். எனக்கு அவர்களை அறைய வேண்டும் போலிருக்கும்.

ஆகவே தொகுப்பு என்ற பேச்சு வந்ததுமே அவன் கேட்டது ஒன்றைத்தான். "வெயில் பாட்டை புதுசா எடுத்துரலாம். ஹிட்டுன்னு போட்டு மொத பாட்டுலயே நான் இல்லன்னு ஆச்சுன்னா, நான் இன்னாத்துக்கு இந்த குரூப்ல இருக்கணும், சிஸ்டர்?" நான் நர்சிங் சேர்ந்த நாளிலிருந்து அவனுக்கு நான் சிஸ்டர்தான். விளையாட்டாகச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. இவன் போய்விட்டால் குழு ஏது? கிட்டார்காரனும் நானும் உட்கார்ந்து ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

சென்னைக்குப் போய், ஏசி போட்ட ஸ்டூடியோவில், வெயில் பாட்டைப் புதிதாக எடுத்தோம். வெயிலைத் திட்டும்போது எனக்குக் குளிரில் நடுக்கம் எடுத்தது. டிரம்ஸ்காரன் உயிரைக் கொடுத்து வாசித்தான். வெளியே வந்ததும் கிட்டார்காரன் என் காதில், "நல்லா இருக்குதுல்ல?" என்றான். "ரொம்ப" என்றேன். இரண்டு பேருமே பொய் சொன்னோம்.

அடுத்த வெள்ளி, கிட்டார்காரன் வீட்டு மொட்டைமாடியில் பாடல் தேர்வு. முப்பது சொச்சம் பாட்டு, பன்னிரண்டுக்குத்தான் இடம். எப்படித் தேர்ந்தெடுப்பது என்று அடிதடி வரும்போலிருந்தது. டிரம்ஸ்காரன் சட்டைப்பையிலிருந்து மஞ்சள் கிரேயானை எடுத்தான். தோலில் ரகம் குறிக்கிற கிரேயான்.

"எங்க செலக்‌ஷன்ல எப்படியோ அப்படித்தான். யார் சரக்குன்னு கேக்கக் கூடாது. மார்க் போட்டா போட்டதுதான், மொதலாளியே வந்தாலும் அழிக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதித்தோம். பாட்டுக்கு ஒரு டீ கப் என்று கவிழ்த்து வைத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு, கப்பின் முதுகில் அவன் எண் போட்டுக்கொண்டே போனான். இரக்கமே கிடையாது. நான் அழுது அழுது எழுதிய தாலாட்டுக்கு நான்காம் ரகம். கிட்டார்காரன் ஐந்து நிமிடம் தனியாக வாசித்துத் தள்ளுகிற பாட்டு ரிஜெக்ட். "இதுல ஓட்டை இருக்குது தோஸ்த், ஓட்டை வழியா ஆம்பூர் ஸ்டேஷனே தெரியுது." நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம், கீழ்வீட்டிலிருந்து ஆள் வந்து என்ன விசேஷம் என்று கேட்கிற அளவுக்கு.

கடைசியில் வெயில் பாட்டு, பழையதும் புதியதும். புதியதற்கு என்ன மார்க் போட்டாலும் ஆகா என்று சொல்லிவிட வேண்டும் என்று நானும் கிட்டார்காரனும் படியிலேயே பேசி வைத்திருந்தோம். இரண்டையும் கண்ணை மூடிக் கேட்டான். புதிய பாட்டின் கப்பில் மூன்று போட்டான். பழையதில் ஒன்று.

"டேய், புதுசுதான் டாப்பு" என்றான் கிட்டார்காரன்.

"ஆமா, அந்த தொம் தொம் எல்லாம் பேஜார்" என்றேன் நான்.

அவன் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே. "பாவம் பாத்து ரகம் மாத்தச் சொல்றீங்களா? இன்னா நெனச்சிட்டிருக்கீங்க என் வேலைய?" என்று கிரேயானைப் பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டான். பழைய பதிவே முதல் பாட்டாகத் தொகுப்பில் ஏறியது. வெளியீட்டுக்கு அவன் வருவானா என்று மட்டும் எங்களுக்குத் தெரியவில்லை.

வெளியீடு கிட்டார்காரனுடைய கம்பெனி கேன்டீனில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை. சிடி போட்டால் கேட்க யாரிடமும் பிளேயர் இல்லை. ஆகவே பாடல்களைப் பென்டிரைவில் ஏற்றி, வெட்டி மிஞ்சிய தோலில் குட்டிப் பைகள் தைத்து, அதற்குள் போட்டு மேசைமேல் குவித்திருந்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகளில் தொழிலாளர்கள், குடும்பம், குழந்தைகள், சமோசா. என் மூத்த சிஸ்டர்கூட வேலூரிலிருந்து வந்து முதல் வரிசையில் ஹேண்ட்பேகை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். டிரம்ஸ்காரனும் வந்தான், ஆனால் எங்களோடு நிற்காமல் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்துகொண்டான்.

ஸ்பீக்கரில் முதல் பாட்டைப் போட்டோம். தொம்.

"நம்ம டிரம்மு!" என்று ஒருவர் கத்தினார். தோல் தொழிற்சாலைக்காரர்களுக்கு அந்தப் பீப்பாயின் பெயர் அதுதான். கேன்டீனே கைதட்டியது. அதோடு விட்டார்களா? உள்ளே சுற்றுவது என்ன தோல் என்று ஒரு சர்ச்சை கிளம்பியது. ஆடுதான் என்றார் ஒருவர். ஆட்டுத்தோல் இப்படி விழுமா, மாடு என்றார் இன்னொருவர். பாதி லோடு ஆடு என்று மூன்றாமவர் எழுந்து நின்றார். நான் என்ன பாடுகிறேன் என்று ஒரு ஜீவன்கூடக் கேட்கவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு சண்டை, நடுவில் குழந்தைகள் தொம் தொம் என்று குதிக்கின்றன. எனக்குச் சிரிப்பில் விலா வலித்தது. வேறு வழியில்லாமல் பாட்டை நிறுத்தினோம்.

கடைசி வரிசையில் டிரம்ஸ்காரன் எழுந்தான்.

"ஆடும் இல்ல, மாடும் இல்ல. எரும. அன்னிக்கு நான்தான் லோடு பண்ணேன்."

கிட்டார்காரன் மைக்கிலேயே கேட்டான், "நீ ஆபீஸ்லடா இருந்த?"

"ஆபீஸ்னு உங்ககிட்ட சொல்லி வெச்சிருந்தேன். நீ காலேஜ் போற, சிஸ்டர் நர்சிங் போறா. நான் மட்டும் டிரம்முக்குத் தோல் தூக்கிப் போடுறேன்னு எப்படிச் சொல்றது? அந்த நாத்தத்தோட எழுந்து வந்து உங்க பக்கத்துல எப்படி உக்கார்றது?" பேசிக்கொண்டே நாற்காலிகளுக்கு நடுவே எங்களை நோக்கி நடந்து வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர். "வர்ல வர்லன்னு இத்தன வருஷமா திட்றீங்களே, நான் செவுத்துக்கு அந்தாண்டதான்டா இருந்தேன்."