பக்கப்பெட்டித் திருநீறு

மெக்கானிக் கடையில் நின்ற அப்பாவின் பழைய புல்லட்டில் பக்கப்பெட்டியைத் திறந்தேன். துருப்பிடித்த மூடி கையோடு வந்துவிட, பெட்ரோலும் திருநீறும் கலந்த வாசம் எழுந்தது. என் சிறுவயதில், ஏழாயிரம்பண்ணையில் பட்டாசுக் கம்பெனி வாசலுக்கு வெளியே, வண்டிகள் நிற்கும் வேப்பமரத்தடியில் அப்பா இந்தப் பெட்டியைத் திறந்துவைப்பார். வேனிலிருந்து இறங்கும் பெண்கள் ஆளுக்கொரு விரல் திருநீறு எடுத்து, டேங்கின் மேல் உட்கார்ந்திருக்கும் எனக்கும் பூசிவிட்டு, "பெட்ரோலு வாடைக்குச் சாமியே மயங்கிரும் அண்ணாச்சி" என்று சிரித்தபடி வெடிமருந்து வேலைக்குப் போவார்கள். இன்று அங்கே கம்பெனியும் இல்லை, மரமும் இல்லை.

"இந்த மூடி இனிக் கெடைக்காதுண்ணே. பிளாஸ்டிக் பெட்டி மாட்டிருவோம்" என்றார் மெக்கானிக்.

"கெடைக்காட்டா தகரத்துல அடிங்க. காத்துல துன்னூறு பறந்துரும்ல."

"இனிமே யாருண்ணே வந்து பூசப் போறாக?"

"மொதல்ல நீங்க கையை நீட்டுங்க."

கிரீஸைத் துடைத்துவிட்டு நீட்டினார்.