அத்தை காலும் ஆறடித் தூரமும்

பம்பாயில் வேலை பார்த்த மாமா கொண்டுவந்து கொடுத்த பெட்டிக் கேமராவின் தோலுறையைத் திறந்தால் புதுச் செருப்பு வாசனை குப்பென்று வரும். அந்த வாசனைக்கே உத்திரமேரூரில் எங்கள் தெருப் பெண்கள் பவுடர் பூசிக்கொண்டு வந்து நின்றுவிடுவார்கள். எனக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு வாரப் பத்திரிகையின் புகைப்படப் போட்டியில் ஜெயித்தே தீருவேன் என்று வீட்டில் எல்லோரிடமும் ஜம்பம் அடித்துவிட்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் "போட்டா" எடுப்பதென்றால் ஆள் தலை முதல் கால்வரை முழுசாக விழ வேண்டும், கால் விழாவிட்டால் அந்த ஆளுக்கே கால் விளங்காமல் போய்விடும் என்று ஒரு பயம். அதனால் நைனாவின் அக்காவை, எங்களோடு இருந்த என் அத்தையை, கூறைப் புடவையில் உச்சி வெயிலில் நிற்கவைத்து, நான் பின்னால் போய்க்கொண்டே இருந்து கால் விரல்வரை பிடித்து அனுப்பினேன். படம் திரும்பி வந்தது. பின்புறம் ஒரு வரி: "முகத்தைக் காணோம், கிட்டே போங்கள்."

நானா விடுவேன்? அடுத்த முறை அத்தையின் மூக்குக்கு நேரே போய் நின்றேன். அதுவும் திரும்பியது: "கலங்கியிருக்கிறது. இந்தக் கேமராவுக்கு ஆறடித் தூரமாவது வேண்டும். அந்த அம்மாள் ஏன் இப்படிப் பயந்திருக்கிறார்?"

பயப்படாமல் என்ன செய்வாள்? பெட்டி கிட்டே வர வரத் தன் கால் விழாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டதே! மார்போடு நின்றுபோன படத்தைப் பார்த்ததும் தெருவையே கூட்டிவிட்டாள்.

"அடிப்பாவி, என் கால எங்கடி வுட்ட? நேத்துலேர்ந்து முட்டி வேற வலிக்குது!"

நைனா தீர்ப்பே சொல்லிவிட்டார். "இன்னும் ஒரு வாட்டி. அதுவும் திரும்பி வந்துச்சுன்னா பொட்டிய மாமன்கிட்டயே குட்த்துடணும், ஆமா."

எனக்கு அழுகையாக வந்தது. ஆறடியில் நின்றால் கால் விழாது, பின்னால் போனால் முகம் தெரியாது, நான் என்னதான் செய்ய? இதே கவலையோடு ஒரு காலையில் ஏரிக்கரைக் களத்துக்குப் போனால், புளியமர நிழலில் அத்தை குத்துக்காலிட்டு உட்கார்ந்து விதைக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். எனக்குச் சட்டென்று பொறி தட்டியது. உட்கார்ந்த ஆள் பாதி உயரம்தானே, ஆறடியிலேயே காலும் விழும், முகமும் விழும்! ஓடிப்போய்க் கேமராவை எடுத்துவந்து, அடி வைத்து அளந்து நின்றேன்.

"இன்னாடி, அங்க இன்னா பண்ணிக்கினு கீற?" என்று நிமிர்ந்தவள், கையில் கடலையோடு சிரிப்பை அடக்கிக்கொண்டு என்னையே பார்த்தாள். அமுக்கிவிட்டேன்.

முதல் பரிசு! நைனா அந்தப் பத்திரிகையை டீக்கடை டீக்கடையாகக் கொண்டுபோய்க் காட்டினார், பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சையே அதன் பிறகு எடுக்கவில்லை. அத்தை அச்சில் வந்த தன் முகத்தை ஏறிட்டும் பார்க்காமல், விரலால் படத்தின் அடியைத் தடவிப் பார்த்து, "கீதுடி! ரெண்டு காலும் கீது!" என்று கூவினாள்.

அந்தக் களத்தில் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. என் பேத்தி அங்கே கைபேசியை நீட்டி முகம் முகமாக எடுத்துத் தள்ளுகிறாள்; கால் விழுந்ததா என்று கேட்க ஒருவரும் இல்லை. அத்தையும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் எண்பது வயது தாண்டியும் கோலில்லாமல் ஏரிக்கரைவரை நடந்துபோய் வந்தவள் அவள், கேட்டவர்களுக்கெல்லாம் சொன்ன பதிலும் ஒன்றுதான்: "என் போட்டாவுல ரெண்டு காலும் கீது, எனக்கு இன்னா கொற?"