வடியாத தண்ணீர்

குற்றாலத்தில் சீசன் நடந்துகொண்டிருந்தது. என் கணவர் போலீஸ்காரர். மெயின் அருவியில் கூட்டத்தை ஒழுங்குபடுத்தும் வேலை அவருக்கு. தினமும் சொட்டச் சொட்ட நனைந்துதான் வீடு வருவார். நான் சுரண்டையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய்விட்டுச் சில நாள் கழித்துத் திரும்பினால், குளியலறை மூலையில் காக்கி உடுப்புகள் குவிந்து கிடந்தன. எல்லாவற்றையும் அள்ளி வாஷிங் மெஷினில் போட்டேன்.

துவைப்பதெல்லாம் ஒழுங்காகத் துவைத்தது. தண்ணீரை வெளியேற்றும் நேரம் வந்ததும் ‘ம்ம்ம்’ என்று முனகிவிட்டு நின்றுபோனது. மூடியைத் திறந்தால் பாதித் தொட்டி அழுக்குத் தண்ணீர், அதில் காக்கிகள் மிதக்கின்றன. பிழியும் பொத்தானை அழுத்தினேன். அசையவே இல்லை. மெக்கானிக்குக்கு போன் போட்டேன்.

“தண்ணி இறங்காம அது சுத்தாதுக்கா. நான் செங்கோட்டையில நிக்கேன், நாளைக்குத்தான் வர முடியும். பிளக்கப் பிடுங்கிட்டு, கீழ இருக்க பில்டரக் கழத்திப் பாருங்க” என்றார்.

அதற்குள் கணவர் சாப்பிட வந்துவிட்டார். சாயங்காலம் மறுபடி டூட்டி.

“ஏட்டி, காக்கி எங்க?”

“மெஷினுக்குள்ள நீந்துது.”

இரண்டு பேருமாக உட்கார்ந்தோம். பில்டரைத் திருகியதும் தண்ணீர் கொட்டியது. பேசின் பேசினாகப் பிடித்து ஊற்றினோம். பில்டரில் ஊக்கு ஒன்றும் முடிக்கற்றையும்தான் இருந்தன. கழுவி மாட்டி, கொஞ்சம் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்தோம். மறுபடியும் அதே முனகல்.

“மோட்டார் ஓடுதுல்லா? அப்ப அடைப்பு வெளிய பைப்புலதான்” என்று எழுந்தார்.

மெஷினின் ஓஸ் நீளம் பத்தாமல், அதோடு ஒரு பிளாஸ்டிக் பைப்பைச் சேர்த்து, பின்பக்கத்து வாழைமரத்தடிக்கு விட்டிருந்தோம். அதைத் தாண்டினால் வாய்க்கால். பைப்பின் கடைசி வளைவைக் கழற்றித் தட்டினார். களிமண் கட்டி ஒன்று பொத்தென்று விழுந்தது. கூடவே உள்ளே எதுவோ பிராண்டும் சத்தம்.

“பாம்பா இருக்கப் போகுது, கீழ போடுங்க!”

போட்டுவிட்டு இருவரும் பின்வாங்கினோம். வளைவின் வாயில் முதலில் ஒரு கொடுக்கு தெரிந்தது. பிறகு மெதுவாக ஒரு வயல் நண்டு வெளியே வந்தது. எங்களைப் பார்த்துக் கொடுக்கைத் தூக்கியது. ஆனால் ஓடவில்லை. அடிவயிற்று மடிப்பு மட்டும் லேசாகத் திறந்திருந்தது. அதற்குள் கடுகு மாதிரி என்னவோ அசைந்தது.

நான் குனிந்து செல்போன் வெளிச்சத்தைக் காட்டினேன். குஞ்சுகள். வயிறு நிறையக் குஞ்சுகள். ஒவ்வொன்றுக்கும் கால்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத கொடுக்கு, இரண்டு கரும்புள்ளிக் கண்கள். நண்டு முட்டையிட்டு எங்கேயோ விட்டுவிட்டுப் போகும் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்படித் தூக்கிக்கொண்டு அலையும் என்று யாரும் சொன்னதில்லை.

ஒரு குஞ்சு மட்டும் இறங்கி ஈரமண்ணில் கொஞ்ச தூரம் நடந்தது. அதுவும் பக்கவாட்டில்தான் நடந்தது. பிறகு என்ன நினைத்ததோ, திரும்பி ஓடித் தாயின் மடிப்புக்குள் புகுந்துகொண்டது.

அந்த வாரம் முழுக்கக் கூட்டத்தை அதட்டி அதட்டிக் கணவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இப்போது அவர் கிசுகிசுத்தார்: “பாத்து, மூச்சு விடாத. குஞ்சு பறந்துரப் போகுது.”

வாழை மட்டையில் நண்டை ஏற்றி, வாய்க்கால் ஓரத்தில் இறக்கிவிட்டார். அது சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு வயிற்று மடிப்பை இறுக்கிக்கொண்டு புல்லுக்குள் போய்விட்டது.

பைப்பை மாட்டி மெஷினைப் போட்டதும் தண்ணீர் குபுகுபுவென்று வெளியேறியது. தொட்டி வீட்டையே அதிர வைத்துச் சுற்றியது. சாரலில் துணி காயாது என்று இஸ்திரிப் பெட்டியை வைத்துத் தேய்த்தே ஒரு சட்டையை உலர்த்தினேன். காலர் ஈரத்தோடு மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் போனபின் கொசுவலைத் துண்டு ஒன்றைப் பைப்பின் வாயில் கட்டினேன். கட்டி முடித்தும் எழுந்திருக்க மனம் வரவில்லை. சாரல் முதுகை நனைக்க, அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.