அம்மாவுக்குச் செய்த குழாய் நாற்காலி

உங்கள் அம்மாவால் படுக்க முடியாமல் போனபோது நாம் மலைமேல் சித்திரபுரத்தில் குடியிருந்தோம். நீங்கள் மூவரும் சின்னப் பிள்ளைகள். நெஞ்சு பலவீனமாக இருக்கிறது, சாய்ந்தபடிதான் இருக்க வேண்டும், காலை வெயில் மேலே படட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டும். நம் வீடோ ஒற்றை அறை, சுவரெல்லாம் ஈரம். அதனால் இரவில் நான் உட்கார்ந்து முதுகைக் கொடுப்பேன், அவள் அதில் சாய்ந்து தூங்குவாள். பகலில் நான் வேலைக்குப் போய்விட்டால் அவளுக்குச் சாய ஒன்றும் இருக்காது.

"வாசல்ல உக்காந்து, பிள்ளைக பள்ளிக்கூடம் விட்டு மேடேறி வாரத பாக்கணுங்க" என்பாள். வேறு எதையும் அவள் கேட்டதில்லை.

எனக்குத் தச்சு வேலை தெரியாது. தெரிந்ததெல்லாம் குழாய். குடியிருப்புக்குத் தண்ணீர் லைன் போடும் வேலையில் பள்ளம் தோண்டுவேன், குழாய் சுமப்பேன். இப்போது பிளாஸ்டிக் குழாயை ஒரு கையில் தூக்கிப் போகிறார்கள். அன்றைக்கு எல்லாம் இரும்பு, தோளைத் தின்றுவிடும். துருவேறி ஒதுக்கிப்போட்ட துண்டுகளை ஓவர்சியரிடம் கேட்டேன். "எடுத்தோ, எடுத்தோ" என்றார் அந்த மலையாளி.

குழாய்களை இணைத்து மாட்டும் எங்கள் பிட்டர் திருநெல்வேலிக்காரர். குழாய் முனையில் திருகுமரை வெட்டும் கருவியை அவரிடம் இரவல் வாங்கினேன். உட்காரும் சட்டத்துக்கு நாலு குழாய், மூலைக்கு ஒரு வளைவுத் துண்டு, எல்போ, என்று மாட்டிக்கொண்டே வந்தேன். கடைசிக் குழாய் மட்டும் உள்ளே போகவே மாட்டேன் என்றது. அவர் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ஏன்வே, நாலு பக்கமும் மூடிட்டா கடைசித் துண்ட எப்படித் திருகுவீரு? இந்த மூலைய இறுக்குனா அந்த மூலை கழலும்லா? இத்தன வருசம் குழாய சுமந்தீரே, ஒருநாளாச்சும் அதத் திரும்பிப் பாத்தீரா?"

"நேரா போற லைனத்தான வே பாத்திருக்கேன்" என்றேன்.

திட்டிக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு யூனியனை எடுத்து மாட்டினார். திருகாமலே இரண்டு முனையையும் சேர்த்துப் பிடிக்கிற துண்டு அது. பிறகு முதுகுக்கும் அடிக்கும் சாக்கை இழுத்துத் தைத்து வாசலில் போட்டோம்.

அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இதுல எந்தப் பக்கம் தொறந்தா தண்ணி வரும்?" என்றாள். வெகுநாளைக்குப் பிறகு வந்த கேலி அது. உட்கார்ந்து கைப்பிடியைத் தொட்டவள் சட்டென்று கையை எடுத்துக்கொண்டாள். மலைக்குளிரில் இரும்பு ஐஸாக இருந்தது. "உங்க முதுகு மாதிரி வராது" என்றாள். அவளுடைய பழைய சேலையையே கிழித்துக் கைப்பிடியில் சுற்றினேன். சாயங்காலம் நீங்கள் மேடேறி வருவதைப் பார்த்துக் கையை ஆட்டினாள். பெரியவளே, உனக்கு அது நினைவிருக்கும்.

மழை பிடிக்கும் வரைதான் அந்தச் சுகம். காற்றும் சாரலும் வந்ததும் அவளுக்குக் காலெல்லாம் வீங்கிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், டோலியில் கிடத்தினால் தாங்கமாட்டாள். கைப்பிடிக்கு அடியில் இரண்டு நீளக் குழாயைக் கட்டி, கூட வேலை செய்தவர்களோடு சேர்ந்து நாற்காலியோடு தூக்கினோம். பிட்டரும் ஒரு தோள் கொடுத்தார். "மெதுவா போங்கண்ணே, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல" என்று அவரிடம் சொன்னாள். நீங்கள் பக்கத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தீர்கள்.

ஆஸ்பத்திரியில் அவளைக் கட்டிலுக்கு மாற்றினார்கள். தலையணைகளை அடுக்கிச் சாய்த்தும் மூச்சு வாங்குவது நிற்கவில்லை. அங்கேயே போய்விட்டாள். அந்த மழையில் மேலே கொண்டுவர வழியில்லாமல் இறுதிக் காரியத்தையும் அங்கேயே முடித்தோம்.

வெறும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரும்பினோம். வரும் வழியெல்லாம், உங்களிடம் எப்படிச் சொல்வது என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பில்லை. மேட்டு வளைவில் நாற்காலியைக் கண்டதுமே நீங்கள் மூவரும் ஓடிவந்தீர்கள். "அம்மா பின்னால வாராங்களா?" என்றாள் பெரியவள். சின்னவனே, தூக்கி வந்தவர்கள் நாற்காலியைக் கீழே வைத்ததும் நீ அதில் ஏறி உட்கார்ந்துகொண்டாய். "என்னையும் தூக்கச் சொல்லுங்கப்பா" என்றாய்.

அவர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள். பிட்டர்தான் குனிந்து குழாயைத் தோளில் ஏற்றினார். மற்றவர்களும் தூக்கினார்கள். நீ சிரித்துக்கொண்டே போனாய். நான் பெரியவளின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். பாதி மேட்டில் அவள் அழத் தொடங்கினாள்.