உன்னிப் புதரைத் தாண்டிய பந்து

சாந்தகுமாரி இறந்த செய்தி எனக்கு ரயிலில் வந்தது. பெங்களூரில் இருக்கும் மகன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். பங்காருப்பேட்டை தாண்டியதும் அவள் மகள் ரேவதி போன் செய்தாள். "ஆண்ட்டி, அம்மா போயிட்டாங்க. காப்பி கேட்டாங்க, போட்டுக்கினு வர்றதுக்குள்ள முடிஞ்சிடுச்சு" என்றாள். அழுது ஓய்ந்தபின், "கோல்ஃப் கிளப்புக்குச் சொல்லணுமா?" என்று கேட்டாள். சொல்ல வேண்டாம் என்றேன். மாலூரில் இறங்கி, எதிர் ரயிலைப் பிடித்து ஊரிகம் திரும்பினேன்.

நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர்கள். அவள் விளையாட்டு டீச்சர், நான் அறிவியல் டீச்சர். ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவளை 'அவர்' என்று எழுதக் கை வரவில்லை. பெயரில் மட்டும்தான் அவளுக்குச் சாந்தம். இதைப் படிக்கிற பழைய மாணவிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அவள் கோபம் எங்கே தொடங்கியது என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன். அவளை வதைத்த மனிதரும் இதைப் படிப்பார். கிளப் கேப்டனாக இருந்த அவரைக் கேப்டன் என்று மட்டும் குறிப்பிடுகிறேன். அஞ்சலியில் பெயர் வருவது ஒரு மரியாதை, அதை அவருக்குத் தர எனக்கு மனமில்லை.

சாந்தாவின் அப்பா தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்த்தவர். சுரங்கத் தொழிலாளர்களுக்காக வரிசையாகக் கட்டிய ஊரிகத்து லைன் வீடுகள் ஒன்றில் பிறந்து, அதே வீட்டில்தான் கடைசிவரை இருந்தாள். சுரங்கம் இருந்தவரை அதிகாரிகள் ஆடிய கோல்ஃபை, மூடிய பிறகு ஊர்க்காரர்களும் ஆடலாம் என்று ஆனபோது, அவள்தான் எங்கள் தெருவிலிருந்து முதலில் போனவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

முதலில் சின்ன மட்டையால் அடித்துக் காட்டினாள். அதன் முகம் நன்றாக மல்லாந்திருக்கும். பந்து பின்பக்கமாகச் சுழன்றுகொண்டே உயரக் கிளம்பி, செங்குத்தாக இறங்கி, விழுந்த இடத்திலேயே நின்றது. பிறகு பெரிய மட்டை. அதன் முகம் கிட்டத்தட்ட நேராக நிற்கும். பந்து தாழ்வாகச் சீறிப் போய் வலப்பக்கம் வளைந்தது. தரையைத் தொட்ட பிறகும் நிற்காமல் ஓடியது. "ரெண்டுலயும் ஒரே தப்புதான் பண்ணேன்" என்றாள். "மட்டை கொஞ்சம் கோணிச்சு. சின்னது அதை மூடி மறைச்சிடும். பெரிசு ஊரைக் கூட்டிச் சொல்லிடும்."

கிளப்பின் வருடாந்திரப் போட்டியில் அவளும் கேப்டனும் இறுதி ஆட்டத்துக்கு வந்தார்கள். கடைசிக் குழிவரை சமம். அங்கே வலப்பக்கம் சுரங்கக் கழிவு மண்மேடு, அதன் அடியில் உன்னிப் புதர். பயந்தவர்கள் சின்ன மட்டையால் இரண்டு தட்டாகத் தட்டிப் போவார்கள். தவறிப் புதரில் விழுந்தால் பந்து அங்கேயே கிடக்கும். சாந்தா பெரிய மட்டையை எடுத்தாள். பந்து வளைந்து புதர்ப் பக்கம் மறைந்தது. தேடிப் போனபோது புதருக்கு அப்பால், குழிக்கு வாட்டமான வெட்டவெளியில் கிடந்தது.

கேப்டன் எல்லோர் முன்னாலும் சிரித்தார். "பொதருக்குள்ள விழுந்த பந்து நடந்து வெளிய வருமாம்மா? வேற பந்து போட்டியா?"

"இது என் பந்து சார். வேணும்னா திரும்ப அடிச்சுக் காட்றேன்."

"வேணாம். லைன் வீட்டு ஜனங்களை உள்ள விட்டா இப்படித்தான் ஆவும்."

கோப்பை அவருக்குப் போனது. கிளப் அவளைச் சில காலம் விலக்கி வைத்தது. பள்ளியில், பேர் கெட்டுவிட்டது என்று விளையாட்டு விழாப் பொறுப்பை அவளிடமிருந்து பிடுங்கினார்கள். உடற்கல்வி வகுப்புக்குப் போனால் கரும்பலகையில் 'திருட்டுப் பந்து' என்று எழுதியிருக்கும். அவளே துடைத்துவிட்டுப் பாடம் நடத்துவாள்.

விலக்கு முடிந்ததும் அவள் மறுபடி மைதானத்துக்குப் போனாள். என்னைப் புதருக்கு அப்பால் பாதுகாப்பான தூரத்தில் நிற்கவைத்துவிட்டு, அதே இடத்திலிருந்து பெரிய மட்டையால் அடித்தாள். அடிக்கும் இடத்திலிருந்து பார்த்தால் பந்து புதருக்குள் விழுவதுபோலத்தான் தெரியும். உண்மையில் அது புதரை உரசாமல் தாண்டி, பின்னாலுள்ள இறுகிய தரையில் சாய்வாக மோதி, சரிவில் உருண்டு வெட்டவெளிக்கு வந்தது. பிறகும் பலமுறை அடித்துப் பார்த்தாள்; மழைக்காலத்தில் ஈரத் தரை அதை நிறுத்திவிட்டது. வெயில் காலத்தில் பெரும்பாலும் ஓடியது. நான் துள்ளிக் குதித்தேன். கமிட்டியிடம் சொல்லலாம் என்றேன்.

"நீ சொன்னா எவன் நம்புவான்? நீ என் ஆளு" என்றாள். "அந்தாளு பந்தே வந்து சொல்லணும்."

அதற்காக வருடக்கணக்கில் காத்திருந்தாள். கேப்டனின் பெரிய மட்டை அடியும் வலப்பக்கம் வளையும் என்பதை அவள் கவனித்திருந்தாள். அவர் கடைசிக் குழியில் அந்த மட்டையைத் தொடாததற்குக் காரணமே அதுதான். ஒரு சித்திரை வெயிலில், தரை பாறையாக இறுகிக் கிடந்த நாளில், மறுபடி இருவரும் இறுதி ஆட்டத்தில் நின்றார்கள். அவர் சின்ன மட்டையை உருவியபோது, கூட்டத்துக்குக் கேட்கும்படி பரிவாகச் சொன்னாள்: "ஆமா சார், அதுலயே தட்டுங்க. வயசாயிடுச்சு, பெரிசெல்லாம் இன்னாத்துக்கு?"

யாரோ சிரித்தார்கள். அவர் சின்ன மட்டையைப் பைக்குள் திணித்துவிட்டுப் பெரியதை எடுத்தார்.

பந்து தாழ்வாகப் போனது, வளைந்தது, புதர்ப் பக்கம் மறைந்தது. போய்ப் பார்த்தால் வெட்டவெளியில் கிடந்தது.

"சார், இது யார் பந்து?"

அவர் குனிந்து பார்த்தார். "என்னுதுதான்" என்றார்.

"பொதர்லேர்ந்து நடந்து வந்துச்சா?"

அவள் நகரவில்லை, அவரையும் நகரவிடவில்லை. கடைசியில், "அன்னிக்கு நான் தப்பாப் பாத்திருக்கலாம்" என்று முனகினார்.

"பாத்திருக்கலாமா, பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அவர் கையை நீட்டினார். அவள் தன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "லைன் வீடுன்னு சொன்னீங்களே, அது இன்னும் அப்படியே இருக்குது சார்." அந்தச் சொல்லை வாபஸ் வாங்காமலே அவர் குழியை நோக்கி நடந்தார். ஆட்டத்தில் சாந்தா ஜெயித்தாள். கோப்பையை வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

போன மாதம் உடம்பு மோசமானபோது, நான்கூட ஒருமுறை சொல்லிப் பார்த்தேன், மன்னித்துவிடேன் என்று. தலையணையிலிருந்து என்னை முறைத்தாள். "இன்னாத்துக்குடி? அந்தாளு நிம்மதியாத் தூங்கவா?"

எப்படியோ தகவல் தெரிந்து கிளப்பில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். ரேவதிக்குத் துணையாக நானும் போனேன். கேப்டன் மைக்கைப் பிடித்து, "சாந்தகுமாரி எனக்குக் கூடப் பொறந்த தங்கச்சி மாதிரி" என்று ஆரம்பித்தார்.

நான் எழுந்து நின்றேன். "சார், தங்கச்சிய லைன் வீட்டு ஜனம்னு திட்டினீங்களே. அதை வாபஸ் வாங்கிட்டு மேல பேசுங்க" என்றேன்.

அவர் மைக்கைப் பார்த்தார், பக்கத்திலிருந்தவர்களைப் பார்த்தார். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். சொல்லாமல் போய் உட்கார்ந்துகொண்டார். ரேவதி என் விரல்களை இறுக்கிப் பிடித்தாள்.

சாந்தாவின் மட்டைகளை ரேவதி எடுத்துக்கொண்டாள். அவள் நன்றாக ஆடுவாள். எனக்கு அந்த ஆட்டம் ஆடத் தெரியாது. எனக்கென்று சாந்தா விட்டுப்போனது அவள் கோபம் ஒன்றுதான். அதை ஆறவிடாமல் வைத்திருக்கிறேன். கேப்டன் கடைத்தெருவில் எதிரே வரும்போதெல்லாம் நான் ஒதுங்குவதில்லை. அவர்தான் ஒதுங்குகிறார்.