பொட்டலத்தில் வந்த இரும்பு

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக வீடுகள் ஒட்டி நிற்கிற எங்கள் லயத்தின் குழாய் நின்றுபோனது நல்ல மழைக்காலத்தில். இலங்கை மலைநாட்டில் பூண்டுலோயாப் பக்கம் மழைக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. தண்ணீரை மேலே ஏற்றுகிற பம்புக்குத்தான் வயதாகிவிட்டது. அதற்குள்ளே சுழலும் சக்கரத்தில் ஒரு இறக்கை ஒடிந்துவிட்டது. தோட்டத்து மிசின்களைப் பார்க்கிற பிட்டர் ஐயா இரண்டு தடவை ஒட்டவைத்தார், இரண்டு தடவையும் விட்டுப்போனது. பம்பைச் செய்த கம்பெனியே எப்போதோ மூடிவிட்டதாம். புதுப் பம்பு வரும் என்று தோட்டத்து ஆபீசில் சொன்னார்கள். அவர்கள் 'வரும்' என்றால் எத்தனை நாளில் என்று கேட்கக்கூடாது.

ஆகவே கொழுந்து பறித்துவிட்டு வந்த கையோடு, பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழுகிற பீலிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து மேலே தூக்கிவந்தோம். மற்றவர்களைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. என் தம்பியின் மனைவியைப் பற்றித்தான் கவலை. முந்தின வருஷம் அதே பாதையில் வாளியோடு சறுக்கி விழுந்து, வயிற்றிலிருந்த பிள்ளையைப் பறிகொடுத்தவள் அவள். இப்போது மறுபடியும் ஐந்தாம் மாதம். போகாதே என்று கத்துவேன். நான் மலைக்குக் கொழுந்து பறிக்கப் போனதும் வாளியை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவாள். என் கத்தலுக்கு அந்த வீட்டில் அவ்வளவுதான் மரியாதை.

தம்பி நாலு மாதத்துக்கு முன்புதான் சிங்கப்பூருக்குப் போய் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அப்போதுதான் லயத்துக்குள் கைப்பேசி வந்திருந்தது. சக்கரம் உடைந்ததைச் சொன்னதும் உடனே அனுப்பச் சொன்னான். அவனுடைய பட்டறையில் இரும்பு மாவிலிருந்து சாமான் செய்கிறார்களாம். மாவை ஒரு தட்டில் முடியைவிட மெல்லிசாகப் பரப்பி, மேலிருந்து லேசர் ஒளியால் படம் போடுவார்களாம். ஒளி பட்ட இடம் மட்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். தட்டைக் கொஞ்சம் இறக்கி, மறுபடியும் மாவு, மறுபடியும் ஒளி. இப்படி ஆயிரக்கணக்கான அடுக்கு. கடைசியில் சாம்பலுக்குள் சுட்ட மரவள்ளிக்கிழங்கைத் தோண்டுவதுபோல, மாவுக்குள்ளிருந்து சாமானைத் தோண்டி எடுப்பதும், மிச்ச மாவைச் சலித்து வைப்பதும்தான் இவன் வேலை.

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போச்சு என்று கேட்டேன். வெளிநாட்டுக்குப் போய் ரொட்டி சுடுகிற வேலையைத்தான் இப்படிப் பூசி மெழுகுகிறான் என்று லயமெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அவனுக்கு ரோஷம் வந்துவிட்டது.

தலவாக்கலையில் சாமான் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரின் மகன் வியாபாரத்துக்காகச் சிங்கப்பூர் போய்வருவார். உடைந்த சக்கரம் அவர் பையில் போனது. வேறொரு வேலைக்கு மாவு பரப்பியபோது தட்டின் மூலையில் இடம் மிஞ்சியதாம். முதலாளியிடம் கெஞ்சி அந்த இடத்தில் தம்பி நம் சக்கரத்தைச் செய்துகொண்டான். இரண்டு மாதத்தில் அதே பையில் புதுச் சக்கரம் வந்தது. சாம்பல் நிறம், தடவினால் மணலைத் தொட்டதுபோல் சொரசொரப்பு. கூடவே ஒரு சின்னக் காகிதப் பொட்டலம்.

புதுச் சாமான் எது வந்தாலும் முதலில் லயத்து மாரியம்மன் காலடியில் வைத்துத்தான் எடுப்போம். அன்றைக்கும் வைத்தோம். பூசாரி சூடம் காட்டி முடித்த பிறகு தம்பி மனைவி பொட்டலத்தைப் பிரித்தாள். சாம்பல் நிறத்தில் தூள். அங்கே உள்ள அம்மன் கோயிலில் பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு துன்னூறு அனுப்புவதாக அவளிடம் தம்பி சொல்லியிருந்தானாம். அவள் கண் கலங்கிவிட்டது. நெற்றியில் பூசி, ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொண்டாள். தூள் கொஞ்சம் கறுப்பாக இருக்கிறதே என்றேன். அந்த ஊர் மாட்டுச் சாணி அப்படித்தான் போல என்று பூசாரி தீர்ப்புச் சொன்னார்.

சாயங்காலம் தம்பி பேசினான்.

"அக்கா, பொட்டலத்தப் பாத்தீங்களா? இப்பவாவது நம்புறீங்களா?"

"சாமி துன்னூற யாருடா நம்பமாட்டேன்னது?"

"எந்தத் துன்னூறு? அத இன்னும் அனுப்பவே இல்லயே. இது நம்ம மிசின்ல போடுற இரும்பு மாவு. நீங்க சிரிச்சீங்கன்னுதான் அனுப்பினேன்."

நடந்ததைச் சொன்னேன்.  அந்தப் பக்கம் அழுகைச் சத்தம் கேட்டது. அந்த மாவைத் தொடும்போது அவன் முகமூடியும் கையுறையும் போட்டுக்கொள்ளவேண்டுமாம்.  தம்பி மனைவிதான் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கினாள்.

"அழாதீங்க. உங்க கையால மடிச்சதுதானே. எனக்கு அது துன்னூறுதான்."

மறுநாள் நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். யாழ்ப்பாணத்து டாக்டரம்மா என்ன இரும்பு என்று தம்பியிடமே கைப்பேசியில் கேட்டார். எவர்சில்வர் ஜாதி என்று தெரிந்ததும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டுப் பார்த்தார்.

"பிள்ளைக்கு ஒண்டுமில்லை. ஒரு கிள்ளுத்தானே, வெளியில போயிடும். ஆனா இனி அந்தத் தூளை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோகாதேங்கோ."

டாக்டரம்மா சொன்னபிறகும் எனக்குப் பயம் விடவில்லை. பிட்டர் ஐயா சக்கரத்தின் நடு ஓட்டையைத் தேய்த்துச் சரிசெய்து பூட்டினார், குழாயில் தண்ணீர் வந்தது, லயமே கைதட்டியது. நான் மட்டும் அவள் வயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் பீலிப் பாதையில் அதற்குப் பிறகு கால் வைக்கவில்லை. நானும் தம்பியைக் கேலி செய்யவில்லை.

மாதம் நிறைந்து பெண் பிள்ளை பிறந்தது, கொழுகொழுவென்று. வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று, வாசல் குழாயைத் திறந்து வாளியை வைத்துவிட்டு, தம்பிக்கு அழைத்துக் கைப்பேசியைப் பிள்ளையின் வாயருகே பிடித்தேன். அது வீரிட்டு அழுதது. அவன் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தான்.

"நெத்தியில ஒண்ணும் பூசிராதீங்க அக்கா," என்றான். பிறகு, "பின்னால என்ன சத்தம்? மழையா?"

"மழை இல்லடா," என்றேன். "நீ அனுப்புன தண்ணி."