மூன்று வீடுகளில் இருந்த பக்கம்

பிள்ளைகள், எங்கள் ஊர்ச் சனம் கதைக்கிற இணையப் பக்கத்தைப் பார்த்து நீங்கள் சிரிக்கிறீர்கள். படங்கள் மெதுவாக வருகின்றன, ஆட்களும் கொஞ்சம் என்கிறீர்கள். சரிதான். ஆனாலும் நாளைக்கு நிலைக்கப் போவது இப்படியான சின்னப் பக்கங்கள்தான். ஏன் என்று எழுதுகிறேன்.

ஊரில் சண்டை முடிந்த வருடம், அங்கே முகாம்களில் யார் யார் இருக்கிறார்கள் என்பதை இங்கே கனடாவில் இருந்து ஒரு பெரிய இணையத்தளத்தில் குழுவாகச் சேர்ந்து எழுதி வந்தோம். ஒரு நாள் காலையில் குழுவையே காணவில்லை. மூடிவிட்டார்கள், காரணமும் சொல்லவில்லை. தன் தம்பியைத் தேடிக்கொண்டிருந்த ஒஷாவா அன்ரி போனில் அழுதார்.

என் வேலையிடத்துக் கொம்பியூட்டர்களைத் திருத்த வரும் தமிழ்நாட்டுக்காரரிடம் கேட்டேன்.

"அடுத்தவன் வீட்ல குடியிருந்தா இப்படித்தாண்ணே. உங்க பக்கத்த நீங்களே மூணு வீட்ல ஆளுக்கொரு பழைய கம்ப்யூட்டர்ல வைங்க. ஒண்ணுல எழுதினா மூணுலயும் பதியும். ஒண்ணு படுத்தாலும் மத்தது நிக்கும்."

அவரே பெட்டிகளைப் பூட்டி இணைத்துத் தந்தார். மல்வேர்னில் எங்கள் வீட்டு நிலக்கீழ் பேஸ்மென்ற், ஒஷாவாவில் அன்ரி வீடு. மூன்றாவது வீடு கிடைக்கவில்லை என்றதும், மார்க்கம் நகரில் இருந்த தன் வீட்டையே தந்தார்.

எங்கள் கொம்பியூட்டர் பெட்டியை நான் ஒவ்வொரு நாளும் தூசி துடைத்தேன்.

"உது கொம்பியூட்டரோ, சாமிப்படமோ?" என்றார் உங்கள் அம்மா. "ஒரு பூவும் வையுங்கோவன்."

ஒரு ஞாயிறு மத்தியானம் அன்ரியின் போன் வந்தது.

"அண்ணை, பாத்தனீங்களே? தம்பி உயிரோடை இருக்கிறான்! முகாமிலை கண்ட ஆக்களின்ரை சொந்தக்காரர் எழுதியிருக்கினம்."

"எங்கை எழுதியிருக்கு? இஞ்சை ஒண்டும் வரேல்லையே."

"என்ரை வீட்டுப் பெட்டியிலை நிக்குது அண்ணை! உங்கடை செத்துப்போச்சோ?"

போனைக் காதில் வைத்தபடியே கீழே போய்ப் பார்த்தேன். பிளக் நிலத்தில் கிடந்தது. காலையில் பெட்டியைச் சுற்றித் தூசிக்கு வக்கூம் பிடிக்க நான்தான் கழற்றினேன். திருப்பிப் போட மறந்துவிட்டேன். எல்லாம் எங்கள் வீட்டில் மட்டும் இருந்திருந்தால், அந்தச் செய்தி வந்து நிற்க இடமே இருந்திராது.

ஒரு ஊர், ஒரு அபூர்வமான நோய், கொஞ்சப் பேருக்கு மட்டும் அக்கறையான ஒரு விடயம் என்று கூடுகிறவர்களுக்கு இனி இடம் இப்படித்தான் அமையும். ஒரு முதலாளியின் கதவுக்குள் அல்ல, ஆளுக்கொரு பங்காக அவரவர் வீட்டில். ஒருவர் பிழை விட்டாலும் மற்றவர் வீட்டில் பக்கம் நிற்கும். பிழை விட்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அன்ரியிடம் அன்று பிளக்கைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை. அவர் போனை வைத்த பிறகு, தனியே குந்தியிருந்து அதைச் செருகி, சுற்றி டேப் ஒட்டினேன். டேப்பின் மேல் பேனையால் எழுதினேன்: ‘ஒருவரும் கழற்றக் கூடாது.’